உட்கார்ந்த ஒட்டகமும் நடந்த யானையும்

சவூதியின் நஃபூத் பாலைவன மணலில் தடம் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆனால் தடம் படிக்கும் முன்பு செருப்பைக் கழற்றி வைக்கிறவன் தஹாம் ஒருவன்தான். ஏன் என்று கேட்டால், "செருப்போட நிக்கிறவன் கிளம்பத் தயாரா நிக்கிறவன்" என்பான். பிறகு வெறுங்காலோடு அரைமணி நேரம்கூட நிற்பான். கூட வந்தவர்கள் வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் சொன்ன சொல் செல்லுபடியானது. காணாமல் போன ஒட்டகம் யாருடைய மந்தையில் நிற்கிறது, கிணற்றடிக்கு ராத்திரி வந்து போனது யார் என்று எந்த வழக்கானாலும் பெரியவர் ஃபுரைஹின் மஜ்லிஸுக்குத்தான், அவர் வீட்டில் கூடும் சபைக்குத்தான், வரும். பெரியவர் முதலில் தஹாமை ஒரே ஒரு கேள்வி கேட்பார். "உன் கண்ணு உன்னை எப்பவாவது ஏமாத்தியிருக்கா?" தஹாம் சொல்வான்: "நானறிய இல்லை." அதற்குப் பிறகு அவன் சொல்வதுதான் தீர்ப்பு, மறுபேச்சு கிடையாது.

அவனுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் அவனுடைய சித்தப்பா. ஒருநாள் அவர் அந்தக் கேள்விக்கு, "ஒரு தடவை ஏமாத்தியிருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றோடு சரி. அவரை யாரும் அவமானப்படுத்தவில்லை, சோறு தண்ணீரில் குறை வைக்கவில்லை, ஆனால் அதன் பிறகு அவரிடம் எந்த வழக்கும் வரவில்லை. சாகும்வரை வாசல் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கஹ்வாக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். தஹாமுக்கு அந்த ஓரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்படிப்பட்டவன்தான் திங்கட்கிழமை செருப்பைக் கழற்றாமல் வாயைத் திறந்தான்.

டாக்டர் ஹனூஃப் ஹாயில் ஊர்க்காரி, ரியாத்தில் வேலை. பழைய ஏரிகளின் மண்ணை அடுக்கடுக்காக வெட்டிப் பார்ப்பது அவள் தொழில். உம்மு ரிம்த் என்று நாங்கள் சொல்கிற, எப்போதோ வற்றிய ஏரியின் வெள்ளைத் தரை ஓரமாகப் பத்து நாள் கூடாரம் போட்டிருந்தாள். வழி காட்டவும் தண்ணீர் கொண்டுவரவும் தஹாமின் வண்டிதான். அன்று காற்று மேல்மணலைச் சுரண்டிக்கொண்டு போனதில், கல்லாகிப் போன சேற்றில் ஏழு வட்டக் குழிகள் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய சோற்றுத் தாம்பாளம் அகலம்.

"அபூ மஷாரி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று தஹாமை அவன் மகன் பெயரை வைத்துக் கூப்பிட்டாள்.

தஹாம் வண்டியிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்தான். மகன் மஷாரி சந்தைக்குப் போக வண்டி கேட்டு மூன்று தடவை போன் பண்ணிவிட்டிருந்தான்.

"ஒட்டகம் உட்கார்ந்த இடம். நெஞ்சில தட்டு மாதிரி கெட்டித் தோல் இருக்குமில்ல, அது பதிஞ்சது."

"எனக்கு என்னமோ யானையோன்னு..."

"யானையா?" தஹாம் சிரித்துவிட்டான். "அந்தக் காலத்துல அப்ரஹா ராஜா மக்கா மேல யானைப்படை கொண்டுபோனான்னு கேட்டிருக்கேன். வழி தப்பி இங்க வந்துட்டான்னு யாரும் சொன்னதில்லையே, டாக்டரம்மா."

ஹனூஃபும் சிரித்தாள், ஆனால் முகம் வாடிப்போனது. நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

"ஏன், ஒட்டகம்னா கசக்குதா?"

"கசக்கலை. உபயோகமில்லை, அவ்வளவுதான். ஒட்டகம் மழையிலயும் வாழும், வறட்சியிலயும் வாழும். அதைக் கேட்டு இந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. யானைன்னா பேச்சே வேற. ஒரு நாளைக்கு அது தின்கிற புல்லு உங்க வண்டியில ரெண்டு நடை அடிக்கணும். தண்ணி ஒரு தொட்டி வேணும். யானை நடந்த இடத்துல புல்வெளி இருந்தே ஆகணும்."

"எப்ப இருந்துச்சாம் இந்தப் புல்வெளி?"

"ஒரு லட்சத்து இருபதாயிரம் வருஷம் முன்னாடி. உலகம் குளிர்ந்து வடக்கெல்லாம் பனி மூடிக் கிடந்த காலம் ஒண்ணு முடிஞ்சு, அடுத்த பனிக்காலம் வர்றதுக்கு முன்னாடி. நடுவுல பூமி நல்லா சூடா இருந்த ஒரு இடைவெளி."

"சூடானா காயத்தானே செய்யும்? என் வேலியோரச் செடியைக் கேட்டுப் பாருங்க."

"இப்ப காயுது. அப்ப சூரியன் விழுற சாய்மானம் வேற. கோடையில நிலம் கொதிச்சு, தெற்குக் கடல்லேர்ந்து மழைமேகத்தை இங்க வரைக்கும் இழுத்துச்சு. போன வருஷம் பக்கத்துப் பள்ளத்துல நீர்யானைப் பல்லு ஒண்ணு கிடைச்சுது. வருஷம் பூரா ஆழமாத் தண்ணி நிக்காத இடத்துல நீர்யானை இருக்காது. ஆனா பல்லை வெள்ளம் உருட்டிட்டு வந்திருக்கும்னு யாராவது வாதம் பண்ணலாம். தடத்தை யாரும் தூக்கிட்டு வர முடியாது. அதான் ஆசைப்பட்டேன்." அவள் நோட்டை மூடினாள். "பரவாயில்லை. காலடி பார்க்கிறது என் படிப்பு இல்லை. உங்க கண்ணைத் தாண்டி நான் என்ன சொல்ல?"

அந்தக் கடைசி வாக்கியம் தஹாமுக்கு இனித்தது. புகழ்ச்சி யாருக்குத்தான் இனிக்காது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்கு ஆனையிடமே சறுக்கியது.

புதன்கிழமை விடிகாலையில் தொழுதுவிட்டு வந்து பட்டிக் கம்பியில் சாய்ந்து நின்றான். ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. எழுந்துபோன இடத்தில் ஐந்து பதிவு இருக்கும். நடுவில் நெஞ்சு, முன்னால் இரண்டு முட்டி, பின்னால் இரண்டு. நெஞ்சுக்குழி நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் கிண்ணம்போல இருக்கும்.

அங்கே ஏழு குழி பார்த்தோமே, முட்டி எங்கே என்று அவனுக்குத் தோன்றியது. அழிந்திருக்கும் என்று தானே பதில் சொல்லிக்கொண்டான். ஏழிலுமா அழியும்? தவிர, அந்தக் குழிகளின் அடி தட்டையாக இருந்தது. ஒரு பக்க விளிம்பில் மட்டும் சேறு பிதுங்கி நின்றது. ஒரே பக்கம், ஏழிலும் அதே பக்கம். உட்காருகிற மிருகம் சேற்றை முன்னால் தள்ளாது. நடக்கிற மிருகம்தான் தள்ளும்.

கஹ்வாகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தான். ஹனூஃப் ஊருக்குள் போயிருந்தாள், கூடாரத்தில் யாரும் இல்லை. வெள்ளைத் தரையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான். முதல் குழியில் காலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. பெரிய குழியின் மேலேயே, கொஞ்சம் சிறிய இன்னொரு குழி பாதி ஏறியிருந்தது. முன்கால் பட்ட இடத்தில் பின்கால். இடம், வலம், இடம், வலம். வடக்கே பார்த்து, அவசரமில்லாமல், தண்ணீர் இருந்த பக்கமாக எதுவோ நடந்து போயிருக்கிறது. அது ஒட்டகம் இல்லை. அவன் வாழ்நாளில் பார்த்திராத ஏதோ ஒன்று. டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெள்ளிக்கிழமையை நினைத்துப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நுவைரின் வழக்கு. நுவைர் பக்கத்துப் பட்டிக்காரி, பதினோரு ஒட்டகம் வைத்துத் தனியாகப் பிழைக்கிறவள், நாக்கு சாணை பிடித்த கத்தி. பதினான்கு மாசத்துக்கு முன்னால் ஒரு புழுதிக் காற்றில் அவளுடைய கறுப்புக் கன்று, அடையாளச் சூடுபோடுவதற்கு முன்பே, தொலைந்துபோனது. இப்போது தஹாமின் மச்சான் ஜஸ்ஸாவின் மந்தையில் அதே மாதிரி ஒன்று நிற்கிறது. ஜஸ்ஸாவும் புளுகன் இல்லை. அவன் மந்தையில் கறுப்புக் கன்று நாற்பது, அது தன்னுடையதுதான் என்று மனதார நம்புகிறான். தஹாம் போன வாரமே ரகசியமாகத் தடம் பார்த்துவிட்டான். அது நுவைரின் ஒட்டகம் பெற்றதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்பாரே.

மனைவி வத்ஹாவிடம் சொன்னான். அவள் ரொட்டி மாவைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"இதுல என்ன இருக்கு? சனிக்கிழமை சொல்லிடுங்க. ஒரு லட்சம் வருஷம் பொறுத்த யானை மூணு நாள் பொறுக்காதா?"

"டாக்டரம்மா சனிக்கிழமைதான் கிளம்புறா. அதுக்குள்ள சொல்லிடலாம்தான்."

"அப்புறம் என்ன?"

"பெரியவர் கேப்பாரே. நானறிய இல்லைன்னு எப்படிச் சொல்வேன், இப்ப அறிஞ்சுட்டேனே."

"அவர் கேக்கிறது நம்ம ஒட்டகத்தைப் பத்தி, நம்ம மனுசங்களைப் பத்தி. எந்தக் காலத்து யானையையோ கேக்கிறாரா?"

"கண்ணு என்னோடதுதானே?"

வத்ஹா மாவை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "உங்க சித்தப்பா உட்கார்ந்த இடம் காலியாத்தான் இருக்கு. போய் உட்காருங்க. கஹ்வா நல்லா ஊத்துவீங்க." சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டு யோசிங்க" என்றாள். கோபத்தில்கூட அவனைப் பட்டினி போட அவளுக்கு மனம் வராது.

வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து பெரியவர் வீட்டில் முப்பது பேர் கூடினார்கள். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நுவைரும் வத்ஹாவும், விருந்துக்குக் கூப்பிட்டிருந்த ஹனூஃபும். பேரீச்சை சுற்றி வந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தஹாம், உன் கண்ணு உன்னை எப்பவாவது ஏமாத்தியிருக்கா?"

"ஏமாத்தியிருக்கு" என்றான் தஹாம். "திங்கட்கிழமை."

அவன் எதையும் குறைக்காமல் சொன்னான். வண்டியிலிருந்து ஒரு கால் மட்டும் இறங்கியது, செருப்பு, நடந்த யானையை உட்கார்ந்த ஒட்டகம் என்று சொன்னது எல்லாவற்றையும்.

முதலில் சிரித்தவன் ஜஸ்ஸா. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "மச்சான், யானைக்கும் ஒட்டகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என் கன்னுக்கும் அவ கன்னுக்கும் வித்தியாசம் சொல்லப் போறியா? கண்ணாடி வாங்கித் தரட்டுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து நுவைரின் குரல் சீறியது. "அபூ மஷாரி, உன் நேர்மையைக் காட்ட உனக்கு என் கன்னுதான் கிடைச்சுதா? ஒரு வாரம் கழிச்சு நல்லவனா இருந்தா ஆகாதா?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. கண் தானாக வாசல் ஓரத்துக்குப் போனது. அங்கே கஹ்வாப் பானை தனியாக இருந்தது.

பெரியவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். பிறகு, "சொல்லை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல இப்ப வழியில்லை. சோதனை வைப்போம்" என்றார்.

ஜஸ்ஸாவே முன்வந்தான். "நான் வைக்கிறேன். பின்புறம் மணலைப் பெருக்கி விடுவோம். ஒரு பக்கம் நுவைரோட தாய் ஒட்டகம் நடக்கட்டும். இன்னொரு பக்கம் ஒன்பது வரிசையா ஒன்பது கன்னு நடக்கட்டும், என் மந்தையிலேர்ந்தும் மத்தவங்க மந்தையிலேர்ந்தும். அதுல ஒண்ணு அந்தக் கன்னு. இவன் உள்ள சுவரைப் பார்த்து உட்காரட்டும். அப்புறம் வந்து சொல்லட்டும் பார்க்கலாம்."

தஹாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வெளியே கால்நடைகளை ஓட்டும் சத்தம், ஜஸ்ஸாவின் அடக்கிய சிரிப்பு. விசித்திரம் என்னவென்றால், இரண்டு நாளாக இருந்த பயம் போய்விட்டிருந்தது. மூன்று கிண்ணம் கஹ்வா குடித்தான், ஒவ்வொன்றும் ருசியாக இருந்தது.

கூப்பிட்டார்கள். படியில் கிடந்த செருப்பைத் தொடாமல் வெறுங்காலோடு இறங்கினான். தாயின் தடத்தோடு ஒரு தடவை நடந்தான். ஒன்பது வரிசையையும் ஒரு தடவை கடந்தான். திரும்பி வந்து மறுபடி கடந்தான். வெயில் சுட்டுக்கொண்டே இருந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான்.

"நாலாவது வரிசை" என்றான் தஹாம். "தாய்க்கு வலது பின்னங்கால் வெளிப்பக்கமாத் திரும்பும், தூக்கும்போது மண்ணை ஒரு கீறு கீறும். நாலாவதுக்கும் அதே கீறல். பொண்ணு அம்மாவை மாதிரியே நடக்குது."

நாலாவதை ஓட்டிய பையன் தலையாட்டினான். அதே கன்றுதான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜஸ்ஸா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஒன்பதுல ஒண்ணு. குருட்டு அடியும் விழலாம்."

"ஒன்பது எங்கே இருக்கு மச்சான்?" என்றான் தஹாம். "இங்க நடந்தது எட்டு உருப்படிதான். இரண்டாவது வரிசையும் ஒன்பதாவது வரிசையும் ஒரே கன்னு. முன்னங்கால் இடது நகத்துல சில்லு பேர்ந்திருக்கு. இரண்டாவது தடவை அதுக்கு இஷ்டமில்லை, நீ வாலைப் பிடிச்சுத் தள்ளியிருக்கே. உன் செருப்புத் தடம் பின்னாடியே இருக்கு. குதிகால் தேய்ஞ்சுபோச்சு, புதுசு வாங்கு."

இந்தத் தடவை சிரித்தது முப்பது பேரும். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜஸ்ஸாவின் காது சிவந்துபோனது. பிறகு அவனும் சிரித்துவிட்டான்.

"கூட்டிட்டுப் போ நுவைர்" என்று பெண்கள் பக்கம் பார்த்துக் கத்தினான். "பதினாலு மாசம் தீனி போட்டிருக்கேன், பாலு கறந்தா முதல் சொம்பு எனக்கு."

"முதல் சொம்பு அபூ மஷாரிக்கு" என்றாள் நுவைர். "உனக்கு ரெண்டாவது. அதுவும் ரெண்டு தடவை நடந்து வந்து வாங்கிக்கோ."

பெரியவர் தஹாமைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் விட்டார். "இனிமே அந்தக் கேள்வியை மாத்திக் கேக்கப் போறேன்" என்றார். "செருப்பைக் கழட்டினியான்னு மட்டும் கேக்கிறேன்." சாப்பாடு வந்தது. தஹாமுக்கு அன்று நல்ல பசி. தாம்பாளத்தில் கை வைக்கும் முன் ஒரு நிமிஷம் வாசல் ஓரத்தைப் பார்த்தான். சித்தப்பாவுக்கும் யாராவது மணலைப் பெருக்கிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தான். அப்புறம் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை ஹனூஃபின் சாமான்களை ஏற்றப் போனபோது, அவள் கூடாரத்தைக்கூடப் பிரிக்காமல் வெள்ளைத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டில் 'ஒட்டகம்' என்பதன் மேல் கோடு போட்டு 'யானை' என்று எழுதியிருந்தாள். தேதியும் தஹாமின் பெயரும் பக்கத்திலேயே இருந்தன.

"என் பேரு எதுக்கு?"

"திருத்தினது நீங்கதானே. யாரு திருத்தினாங்கன்னும் எழுதணும், எங்க வழக்கம்."

தஹாமுக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தடத்தோடு நடந்தான். ராத்திரிக் காற்று இன்னும் பத்து முழம் தூரத்துக்கு மணலை ஒதுக்கியிருந்தது. ஏழு குழி இப்போது பதினொன்று. எட்டாவது குழியின் பக்கத்தில் அவன் நின்றுவிட்டான். குனிந்தான், பிறகு தரையில் முழுசாக உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா, இங்க வாங்க."

பெரிய வட்டத்தை ஒட்டி, ஒரு கிண்ணம் அகலத்தில் சின்ன வட்டங்கள். பெரிய தடம் ஒரு அடி எடுத்து வைத்த தூரத்துக்குச் சின்னது இரண்டு அடி எடுத்து வைத்திருந்தது. ஒரு இடத்தில் சின்னது விலகிப்போய் வளைந்து திரும்பியிருந்தது. அதே இடத்தில் பெரிய தடம் ஆழமாகப் பதிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குழம்பியிருந்தது.

"இது குட்டி" என்றான். "வேடிக்கை பார்க்க அந்தப் பக்கம் போயிருக்கு. தாய் நின்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு. குட்டி திரும்பி வந்த பிறகுதான் அடுத்த அடி வச்சிருக்கு."

ஹனூஃப் மூச்சை இழுத்துவிட்டாள். "குட்டியோட வந்திருக்குன்னா வழிப்போக்கா வரலை. இங்கயே இருந்திருக்கு. தாய்க்குப் பால் சுரக்கிற அளவுக்குப் புல் இருந்திருக்கு." அவள் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு மணல்தான். தஹாமும் பார்த்தான். முதல் தடவையாக அங்கே அவனுக்குத் தண்ணீர் தெரிந்தது. கரையெல்லாம் புல்லும், அவசரமே இல்லாத ஒரு பெரிய மிருகமும் தெரிந்தன. மனசு நிறைந்துபோனது.

"அபூ மஷாரி, நிச்சயமா எழுதலாமா? தாயும் குட்டியும்னு?"

தஹாம் தன் வெறுங்காலைத் தூக்கி அவளுக்குக் காட்டினான். உள்ளங்கால் முழுக்க வெள்ளையாக ஏரிமண் அப்பியிருந்தது.

"எழுதிக்கோங்க" என்றான்.